நூறு டிகிரிக்கு ஒரு கையெழுத்து

பொடிக்காரரின் மனைவிக்கு முன்பல் உடைந்தது ஒரு விஞ்ஞானச் சாதனையால். பொடிக்காரர் இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார். வேறு எப்படிச் சொன்னாலும் பழி அவர் தலையில் அல்லவா விழும்?

அவர் வேலை பார்த்தது செராமிக் பொடி ஆய்வு நிறுவனத்தில். அதனால்தான் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். பல் வைத்தியர்கள் கட்டிவிடுகிறார்களே வெள்ளைப் பல், அது ஒருவகைப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்வது. அந்தப் பொடி கப்பலில் வந்துகொண்டிருந்தது. அதை நாமே காய்ச்சி எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் நிறுவனத்தையே கட்டினார்கள். மாதிரிக்காகக் கப்பல் பொடியில் கொஞ்சம் எடுத்து, அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டு, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வில்லை செய்தார்கள். பொடிக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. அதைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். கொண்டுபோனவர் மனைவியிடம் இன்னது என்று சொன்னாரா? இல்லை. சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். வெள்ளையாக, வட்டமாக, வழவழவென்று மேசைமேல் ஒன்று கிடந்தால் அது பெப்பர்மின்ட் இல்லாமல் வேறென்ன? அந்த அம்மாள் எடுத்து வாயில் போட்டு நறுக்கென்று கடித்தார்.

சத்தம் கேட்டு ஓடிவந்தால், மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். தரையில் வில்லையும் கிடக்கிறது, பாதிப் பல்லும் கிடக்கிறது. மனுஷனாகப் பிறந்தவன் எதைக் குனிந்து எடுப்பான்? பொடிக்காரர் வில்லையை எடுத்தார். விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாத்தியா! ஒரு கீறல்கூட விழல!" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை வாபஸ் வாங்க முடியுமானால் அவர் தன் பட்டங்கள் அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆனால் அன்றைக்கு அவர் புத்தி வேறு பக்கம் போயிற்று. மனைவி அழுது முடித்ததும் ஒரு சபதம் போட்டார்.

"நீ கவலையே படாத. உனக்குப் பல்லு நான் தரேன். என் கையால காய்ச்சின பொடியில."

"அதெல்லாம் எதுக்குங்க? பக்கத்துத் தெருவுல பல் டாக்டர் இருக்காரு. ஒரு நடை போனா கட்டிவிட்டுடுவாரு."

"ஊரான் காய்ச்சின பொடி என் பொண்டாட்டி வாயிலயா? நாலு பேரு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

கேட்கத்தான் போகிறார்கள் என்று நினைத்தாரே, அதைச் சொல்ல வேண்டும். அந்த அம்மாளும் அப்பாவி, நம்பிவிட்டார். அதுவரை அவர் சிரித்தால் தெருமுனை மருந்துக்கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். அப்படி ஒரு சிரிப்பு. அன்றிலிருந்து சிரிப்பு வந்தால் கை வாய்க்குப் போயிற்று. பிறகு பழகிப்போய், சிரிப்பு வருவதற்கு முன்னாலேயே கை போயிற்று. அதன் பிறகு சிரிப்பே குறைந்தது.

பொடி காய்ச்சுவது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. உலோக உப்புகளைத் தண்ணீரில் கரைத்து, சிட்ரிக் அமிலம் சேர்த்து, அடுப்பில் வைத்துக் கிளறினால் தேன் பதத்துக்கு வரும். இன்னும் கிளறினால் நுரைத்துப் பொங்கி, பழுப்பு நிறப் பஞ்சுபோல் பாத்திரம் நிறைய எழுந்து நிற்கும். அதைச் சூளையில் வைத்து, மெல்ல மெல்ல, ஆனால் நிறுத்தாமல் சூடேற்ற வேண்டும். கரியெல்லாம் எரிந்து புகையாகப் போக, கடைசியில் மாவு மாதிரி வெண்பொடி மிஞ்சும். இதில் முக்கியமான சொல் "நிறுத்தாமல்" என்பது. அந்த நிறுவனத்தில் யாருக்கும் பிடிக்காத சொல்லும் அதுதான்.

ஏனென்றால் அங்கே படிப்படி வெப்ப உயர்வு அனுமதிக் குழு என்று ஒன்று இருந்தது. முன்னொரு காலத்தில் இருந்த இயக்குநர் ஒருவர் சூளையிலிருந்து புகை வருவதைப் பார்த்துப் பயந்துபோய் உண்டாக்கியது. புகை வராமல் சூளையா என்று கேட்க அன்றைக்கு ஆள் இல்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், குழு மட்டும் நிலைத்துவிட்டது. விதி இதுதான்: சூளை நூறு டிகிரி ஏறினால் நிற்க வேண்டும். குழு கூடி, கலந்து பேசி, கையெழுத்துப் போட்டால் அடுத்த நூறு.

குழுத் தலைவர் இப்போதைய இயக்குநர். நல்ல மனிதர், பேசாத வரைக்கும். சேர்ந்த அன்றே ஊழியர்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்:

"நண்பர்களே, சூடு ஏத்தறது பெரிய விஷயமா? அடுப்பு பத்தவைக்கத் தெரிஞ்ச எவனும் ஏத்துவான். அனுமதி வாங்கி ஏத்தறான் பாருங்க, அவன்தான் விஞ்ஞானி! நான் இந்தத் துறைக்குப் புதுசு. பொடின்னா என்னன்னு எனக்குத் தெரியாது. அதனாலதான் நடுநிலையா முடிவெடுக்க முடியுது."

பொடிக்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். நன்றாகவே தட்டினார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொல்வார்கள்.

முதல் காய்ச்சலில் முந்நூறு டிகிரி வரைக்கும் கையெழுத்து ஒழுங்காக வந்தது. முந்நூறில் சூளையை நிறுத்தினார்கள். அடுத்த கையெழுத்துக்குப் போனால், இயக்குநர் சகலை வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். சரி, வரட்டும் என்று காத்திருந்தார்கள். இயக்குநர் ஊரில் இல்லை என்று பொடிக்கு யார் சொல்வது? உள்ளே இருந்த உப்பும் அமிலமும் அந்தச் சூட்டில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தாமாகவே எரிய ஆரம்பித்தன. வெப்பமானி முள் விறுவிறுவென்று நானூறைத் தாண்டிற்று.

"சார், சார்! நான் கையே வைக்கல சார், அதுவா ஏறுது!" என்று சூளை இயக்குநர் அலறினார். இவர் வேறு, நிறுவனத்துக்கு இயக்குநர் ஒருவர், சூளைக்கு ஒருவர். குழப்பம் வேண்டாம் என்று இவரை எல்லாரும் சூளையார் என்றே கூப்பிடுவார்கள்.

"நிறுத்துய்யா!" என்று கத்தினார் பொடிக்காரர்.

"கரண்டையே எடுத்தாச்சு சார். உள்ளுக்குள்ள எரியுது. போய்க் கையப் புடிச்சா நிறுத்த முடியும்?"

முள் ஐந்நூறையும் தாண்டி, மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கிற்று. பொடி அடங்கிவிட்டது. அடங்காதது குழுதான். இயக்குநர் கல்யாணச் சட்டையோடு வந்து கூட்டத்தைக் கூட்டினார்.

"முந்நூறுக்கு மேல யார் அனுமதி குடுத்தது?"

"யாரும் குடுக்கலைங்க. தானா ஏறிடுச்சு."

"தானா ஏறிடுச்சா? நான் இந்தப் பதவிக்குத் தானா ஏறினேனா? எத்தனை பேரைப் பாத்து, எத்தனை வாசல்ல நின்னு..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்தித் தண்ணீர் குடித்தார். பிறகு, "யார் ஏறினாங்களோ அவங்ககிட்ட விளக்கம் கேளுங்க" என்றார்.

ஏறியது பொடி. எனவே பொடிக்கே விளக்கக் கடிதம் போயிற்று. அனுமதியின்றித் தன்னிச்சையாகச் சூடேறிய குற்றத்துக்கு உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டு, சூளைக் கதவில் ஒட்டினார்கள். பொடிக்குக் கை இல்லாததால் பதில் எழுதும் பொறுப்பு பொடிக்காரருக்கு வந்தது. அவர் இதை வேடிக்கை என்று நினைத்தாரா? அதுதான் இல்லை. மேசையில் உட்கார்ந்து, பேனாவை உதறி, பொடியாகவே மாறி எழுதினார்: "ஐயா, என்னுள் இருக்கும் அமிலமும் உப்பும் இன்ன சூட்டில் சந்தித்தால் ஒன்றையொன்று பொறுத்துக்கொள்வதில்லை. இது எங்கள் பிறவிக்குணம். இனி நடவாது என உறுதி கூற இயலாமைக்கு வருந்துகிறேன்." எழுதி முடித்து ஒருமுறை வாசித்தபோது அவருக்கே கண் கலங்கியது.

பதிலில் பணிவு போதவில்லை என்று குழு முடிவு செய்து, பொடிக்கு அடுத்த உயர்வை நிறுத்திவைத்தது. ஐந்நூறு வரைக்கும் போய்விட்டு வந்த பொடி, நானூறுக்கு அனுமதி கேட்டுக்கொண்டு அப்படியே கிடந்தது. கடைசியில் வெளியே எடுத்தபோது உள்ளே கரி மாட்டிக்கொண்டு சாம்பல் நிறத்தில் இருந்தது.

இந்த நேரம் பார்த்துக் குழுவின் உறுப்பினர் செயலர் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலியைக் கூடுதல் பொறுப்பாகப் பொடிக்காரருக்கே கொடுத்தார்கள். அனுமதிக் கோப்பு முதலில் உறுப்பினர் செயலரிடம் வர வேண்டும். அவர் பரிந்துரைத்தால்தான் குழு கூடும். அதாவது இனிமேல் பொடிக்காரர் பொடிக்காரரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

வேறொருவனாக இருந்தால் கும்பிடு போட்டு, கண்ணை மூடிக்கொண்டு தனக்குத் தானே கையெழுத்துப் போட்டிருப்பான். பொடிக்காரருக்கு அந்தச் சாமர்த்தியம் எங்கே? நாற்காலியில் உட்கார்ந்ததுமே அவருக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. அறையில் எதிரும் புதிருமாக இரண்டு மேசை போட்டுக்கொண்டார். காலையில் இந்த மேசையில் உட்கார்ந்து "மதிப்புக்குரிய ஐயா" என்று எழுதுவார். சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மேசைக்குப் போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிப்பார். "காரணங்கள் போதுமானவையாக இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்புவார். மறுநாள் காலை அது இந்த மேசைக்கு வந்ததும் அவருக்கு ரத்தம் கொதிக்கும்.

"யார் இவன்? பொடி காய்ச்சறதைப் பத்தி இவனுக்கு என்ன தெரியும்?" என்று சூளையாரிடம் கத்துவார்.

"சார், நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? உங்களுக்கு நீங்களே ஒரு கையெழுத்தைப் போட்டுக்கிட்டா வேலை முடிஞ்சுதே."

"வேண்டப்பட்ட ஆளுக்குச் சலுகை காட்டினேன்னு நாலு பேரு சொல்ல மாட்டாங்களா?"

"இங்க இருக்கறதே நாம ரெண்டு பேருதான் சார்."

"அந்த உறுப்பினர் செயலரு அப்படிப்பட்டவரு இல்லய்யா. ரொம்ப நேர்மையானவரு" என்றார் பொடிக்காரர், கொஞ்சம் பொறாமையோடு. குண்டுச் சட்டிக்குள் குதிரை ஓட்டுகிறவனுக்குக் குதிரையும் தானே, சட்டியும் தானே என்றால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது அவர் பிழைப்பு.

ஒரு நாள் சாப்பிடும்போது மனைவி கேட்டார்.

"என்னங்க, என் பல்லு எப்பத்தான் வரும்?"

"அனுமதிக்குக் காத்துக்கிட்டு இருக்கு."

"யாரு அனுமதிக்கணும்?"

பொடிக்காரர் சோற்றைப் பிசைந்தார். ரொம்ப நேரம் பிசைந்தார்.

"கேக்கறேன்ல? யாரு?"

"நான்தான்."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. வரும்போதே கை எழுந்து வாயை மூடிற்று. மூடிய உடனே சிரிப்பு செத்துப்போயிற்று. கையை இறக்கி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க, எனக்கு முன்னாடி இது போயிடுது. பல்லு போனதுகூட எனக்குப் பெரிசு இல்லைங்க. சிரிக்கறதுக்கு நான் யார்கிட்ட அனுமதி கேக்கணும்னு தெரியல" என்றார்.

அதில் கோபம் இருந்திருந்தால் பொடிக்காரர் தப்பித்திருப்பார், பதிலுக்குக் கோபப்பட்டிருப்பார். கோபமே இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. நாளைக்கே கையெழுத்துப் போட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டு படுத்தார். போடவும் செய்தார்.

அந்தக் காய்ச்சல் குழுவின் நேரடிப் பார்வையில் நடந்தது. ஒவ்வொரு நூறிலும் சூளையை நிறுத்தி, கதவைத் திறந்து, குழு எட்டிப் பார்த்துத் தலையாட்டும். கதவு திறக்கத் திறக்கச் சூடு இறங்கும். இறங்கிய சூடு ஏறிய பிறகு, ஏறியது பழைய நூறா புது நூறா என்று விவாதம் நடக்கும். முடிவில் ஆற வைத்துப் பொடியை எடுக்க வேண்டிய கட்டம் வந்தது. ஆறுவதற்குள் இயக்குநருக்கு அவசரம்.

"ஆக்கப் பொறுத்தோம், ஆறவும் பொறுக்கலாமே சார்" என்றார் சூளையார்.

"எனக்கு அடுத்த கூட்டம் இருக்கு. திறங்க" என்றார் இயக்குநர்.

திறந்தார்கள். சரியாகப் பார்க்க வேண்டும் என்று மின்விசிறியையும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். பொடி என்பது பொடி. எழுந்து நேராக இயக்குநர் முகத்துக்கு வந்தது. அவர் தும்மினார், நிற்காமல் தும்மினார். குழு முழுவதும் நரைத்த புருவத்தோடு நின்றது. கூட்டக் குறிப்பில் பொடிக்காரர் தன் கைப்பட எழுதினார்: "தலைவர் தும்மியதிலிருந்து பொடி போதிய நுண்மையுடன் இருப்பது உறுதி செய்யப்பட்டது." அதன் பிறகு ஒவ்வொரு பொடியையும் இயக்குநர் தும்மிச் சோதிப்பது முறையாயிற்று.

மிச்சம் இருந்ததை அள்ளிப் பார்த்தால் மறுபடியும் சாம்பல் நிறம். வெள்ளையாக இருக்க வேண்டுமே என்று ஒருவர் இழுத்தார். இயக்குநர் அதற்கும் வழி வைத்திருந்தார்.

"வெள்ளைன்னா என்ன? யார் முடிவு பண்றது? நாம எத்தனை தடவை காய்ச்சினாலும் இந்த நிறம்தான் வருதுன்னா, அதுல ஒரு ஒழுங்கு இருக்கு. தரம்னா என்ன? ஒரே மாதிரி இருக்கறது. இதைவிட ஒரே மாதிரி தப்பு பண்ண யாரால முடியும்?"

எல்லாரும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து அந்தச் சாம்பல் நிறம் நிறுவனத்தின் தர வெள்ளை. அதில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, வாசலில் விளக்குப் போட்டு வைத்தார்கள். தீர்மானத்தை முன்மொழிந்தது யார் என்று கேட்காதீர்கள். உறுப்பினர் செயலர்தான்.

அன்று வீட்டுக்குப் போனவருக்கு மனைவியின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்து வந்த நாட்களிலும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார், செய்தித்தாளைப் பார்த்துப் பேசினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தையல்கடை வைத்திருக்கும் மச்சினன் வந்திருந்தான். மூவரும் கூடத்தில் உட்கார்ந்து கரும்பு தின்றுகொண்டிருந்தார்கள். மனைவி முன்பல்லால் கரும்புத் தோலைச் சர்ரென்று உரித்தார். பொடிக்காரர் நிமிர்ந்தார். இருவரும் உரித்த தோலையும் தன் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கண்ட பிறகுதான் விஷயம் ஏறிற்று.

"பல்லு..." என்றார்.

"மாமா, கட்டி ரெண்டு வாரம் ஆகப்போகுது" என்றான் மச்சினன். "நான்தான் அக்காவைக் கூட்டிட்டுப் போனேன். மாமா பாத்துட்டுத் திட்டுவாரேன்னு அக்காவுக்கு ஒரே பயம். நான் சொன்னேன், பயப்படாதக்கா, மாமா விஞ்ஞானி, பொசுக்குன்னு கண்ணுல படாதுன்னு."

"நீங்க பாத்ததும் சொல்லலாம்னு இருந்தேங்க. நீங்க பாக்கவே இல்ல" என்றார் மனைவி.

பொடிக்காரருக்குச் சுருக்கென்றது. தன் சபதம் போனது ஒரு பக்கம். இத்தனை நாள் எதிரில் இருந்த பல்லைப் பார்க்காதது இன்னொரு பக்கம். ஆனால் அந்தப் பல் அழகாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். "நல்லா இருக்கு" என்றார். மனைவி சிரித்தார். கை பாதி தூரம் எழுந்து, நினைவு வந்து, மடியில் விழுந்தது. சிரிப்பு இன்னும் பழைய சிரிப்பாகவில்லை. பழக வேண்டியிருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் நிறுவனத்துக்கு ஆண்டு விழா வந்தது. குடும்பத்தோடு வர வேண்டும் என்று உத்தரவு. மனைவியும் மச்சினனும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். மேலிடத்திலிருந்து பெரியவர்கள் வந்து, இத்தனை வருஷமாக இந்த நிறுவனம் என்னதான் காய்ச்சிற்று என்று முகத்தில் கேள்வியோடு மேடையில் இருந்தார்கள். இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"எங்க பொடியைப் பத்திச் சிலர் கேக்கறாங்க, இது எதுக்குப் பயன்படும்னு. நான் கேக்கறேன், நாங்க எதுக்குப் பயன்படறோம்? யாராவது கேட்டாங்களா? எங்களை வெச்சுக்கிட்டு இருக்காங்கல்ல? அந்த மாதிரி பொடியும் இருந்துட்டுப் போகட்டும்!"

அவ்வளவுதான். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்துக் கிளம்பிற்று. கை எழவே இல்லை. மண்டபமே திரும்பிப் பார்த்தது. பொடிக்காரர் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! என் பொண்டாட்டி சிரிக்கிறாள் என்று எழுந்து நின்று எல்லாரிடமும் சொல்ல வேண்டும்போல இருந்தது.

இயக்குநரும் பார்த்தார். அவர் பார்த்தது பல்லை. பொடிக்காரரின் சபதம் நிறுவனத்தில் தெரியாத ஆள் கிடையாது. இயக்குநர் முகத்தில் விளக்கு எரிந்தது.

"பாருங்க! பொடி எதுக்குப் பயன்படும்னு கேட்டீங்கல்ல? அதோ சிரிக்குது பதில்! எங்க உறுப்பினர் செயலரோட வீட்டம்மா. அவங்க முன்பல்லு எங்க நிறுவனத்துப் பொடி! அம்மா, கொஞ்சம் மேடைக்கு வாங்க."

மறுக்க நேரமில்லை. அந்த அம்மாளைக் கையோடு அழைத்துப்போய் மேடையில் நிறுத்தினார்கள். பெரியவர்கள் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்தார்கள். ஒருவர் டார்ச் கேட்டார். இயக்குநர் பொடிக்காரரையும் கூப்பிட்டு, பேனாவைக் கையில் திணித்தார். இன்ன காய்ச்சலில் எடுத்த பொடி என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். "மாசம் ஒரு தடவை உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க, பல்லைக் குழு பாக்கணும்" என்றார். "உங்களுக்குப் பதவி உயர்வு நான் பாத்துக்கறேன்" என்று காதோடு சேர்த்துக்கொண்டார்.

பொய் சொல்லக் கூடாது. பொடிக்காரருக்கு ஆசை வந்தது. பதவிக்காகக்கூட இல்லை. அந்தப் பல் தன் பொடியாக இருந்திருக்கக் கூடாதா என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பார்? ஒரு கையெழுத்தில் அது அப்படி ஆகிவிடும். பேனாவைத் திறந்துவிட்டார்.

"அம்மா, நல்லா சிரிங்க. மேலிடம் பாக்கட்டும்" என்றார் இயக்குநர்.

பொடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். மனைவியின் கை வாயைப் பொத்தியிருந்தது. பல் உடைந்த அன்றைக்குப் பொத்தியது போலவே பொத்தியிருந்தது. அன்றைக்கு வில்லையைக் குனிந்து எடுத்தவர், இன்றைக்காவது பல்லைப் பார்க்க வேண்டாமா?

பேனாவை மூடினார். ஒலிபெருக்கிக்குப் போனார்.

"அது எங்க பொடி இல்லைங்க" என்றார். "எங்க பொடி வாசல்ல குப்பியில இருக்கு, சாம்பல் கலர்ல. அதுல பல்லு கட்டியிருந்தா இவ இன்னும் வாயைத் தொறந்திருக்க மாட்டா. இது பக்கத்துத் தெரு டாக்டர் கட்டினது. இவளுக்குப் பல்லை உடைச்சது மட்டும்தான் நான். அதுக்கு வேணும்னா சான்று எழுதித் தரேன்."

மண்டபத்தில் மச்சினன் மட்டும் "மாமா!" என்று கைதட்டினான். மனைவியின் கை மெல்ல இறங்கிற்று.

மறுநாள் காலை இயக்குநர் அறையில் ஒரே புயல்.

"வெளிப் பொடியில கட்டின பல்லை நிறுவன விழாவுக்கு எப்படிக் கொண்டு வரலாம்? முன் அனுமதி வாங்கினீங்களா? உண்மையைச் சொல்றதுக்கு ஒரு முறை இல்ல? எனக்கு ஒரு கோப்பு போட்டு அனுப்பியிருந்தா நான் நிராகரிச்சிருப்பேனே!"

அன்று சாயங்காலத்தோடு உறுப்பினர் செயலர் பொறுப்பிலிருந்து அவர் விடுவிக்கப்படுவதாக உடனே ஆணை வந்தது. அதோடு, அனுமதியின்றிச் சிரித்தது ஏன் என்று அவருடைய மனைவிக்கு ஒரு விளக்கக் கடிதமும் வந்தது. வீட்டு முகவரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது பொடிக்காரரின் பொறுப்பு.

சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. பொடிக்காரர் இந்த மேசையில் உட்கார்ந்து ஒரு விண்ணப்பம் எழுதினார். அந்த மேசைக்குப் போனார். இந்த முறை கண்ணாடி போடவில்லை, படிக்கவும் இல்லை. "நிறுத்தாமல் சூடேற்றப் பரிந்துரைக்கப்படுகிறது, குழு கூட வேண்டியதில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இவ்வளவு சுலபமா என்று அவருக்கே அழுகை வந்தது.

"ஏத்துய்யா" என்றார் சூளையாரிடம்.

"நூறுல நிறுத்தணுமா சார்?"

"எதுலயும் நிறுத்தாத."

பொடி அதன் இஷ்டத்துக்கு எரிந்தது, அதன் இஷ்டத்துக்கு அடங்கிற்று. ஆறும்வரை இருவரும் கதவைத் தொடவில்லை. திறந்தபோது உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. சூளையார் கையெடுத்துக் கும்பிட்டார். பொடிக்காரர் தும்மினார்.

குழு அதைச் சோதித்தது. வாசலில் இருந்த குப்பியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தர வெள்ளையோடு ஒத்துப்போகவில்லை. அளவுக்கு மீறி வெண்மையாக இருப்பதால் கழிவு என்று ஒதுக்கி, அப்புறப்படுத்த உத்தரவிட்டார்கள். கழிவை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். பொடிக்காரர் அதில் ஒரு பிடியை அச்சில் அழுத்தி, சுட்டு, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வில்லை செய்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். இன்னொரு பையில் மனைவிக்கு வந்த கடிதம் இருந்தது.

வீட்டில் முதலில் கடிதத்தைக் கொடுத்தார். அந்த அம்மாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தார். "தாங்கள் கடந்த விழாவில் உரிய அனுமதி பெறாமல், தலைவர் உரையாற்றிக்கொண்டிருக்கையில், முழுவாயும் தெரியும்படி..." அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. சிரிப்பு வெடித்தது. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தெருமுனையில் மருந்துக்கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்திருப்பார்.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, பொடிக்காரர் வில்லையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது நான் காய்ச்சினது" என்றார்.

மனைவி அதைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வில்லையை ஒரு விரலால் மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டார்.

"ரொம்ப அழகா இருக்குங்க. மொதல்ல இது மிட்டாய் இல்லன்னு வாயைத் தொறந்து சொல்லுங்க" என்றார்.